பழைய பேக்கிங் இயந்திரமும் பி.எல்.சி. கேபிளும் – வணிகர்கள் அறிய வேண்டியவை



நெய்வேலியில் இருந்துகொண்டு இயந்திரத்தைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ இயந்திரங்களோடு பழகியவர்கள். அவர்களுக்கு நாம் சொல்லித்தர எதுவும் இல்லை. ஆனால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது இருக்கிறது. ஏனென்றால் இயந்திரம் இப்போது நம் கடையின் பின்கட்டுக்கே வந்துவிட்டது.

முன்பெல்லாம் மிளகாயும் மல்லியும் மூட்டையில் வரும். தராசில் நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்போம். இன்று மசாலாப் பொடி, புளி, முந்திரிப் பருப்பு, எண்ணெய் எல்லாமே பாக்கெட்டில்தான் விலை போகின்றன. ஆகவே மந்தாரக்குப்பம், வடலூர், பண்ருட்டி வட்டாரத்தில் சிறு வணிகர்களும் பவுச் பேக்கிங் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். புதிது வாங்க வசதி இல்லாதவர்கள் பழையதை வாங்குகிறார்கள். அதில் தவறு ஏதும் இல்லை. பழைய இயந்திரத்தின் இரும்பு நன்றாகவே இருக்கும். கெட்டுப் போவது அதன் மூளைதான்.

நம் வணிக அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறோம். பொங்கலுக்கு முன் கடைக்கு வெள்ளையடிப்பதற்காக அவர் தம் பேக்கிங் இயந்திரத்தின் மெயின் சுவிட்சை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார். மறுபடி போட்டபோது விளக்குகள் எரிந்தன; இயந்திரம் ஓடவில்லை. மோட்டார் நன்றாக இருந்தது. ஹீட்டர் நன்றாக இருந்தது. உள்ளே இருந்த புரோகிராம் மட்டும் அழிந்து போயிருந்தது. பேனலுக்குள் சின்னதாக ஒரு பேட்டரி விளக்கு பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

சரி செய்ய வந்த முதல் ஆள் ஒரு கேபிள் கொண்டுவந்தார். அது துளையில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் இயந்திரம் பேசவில்லை. இரண்டாவது ஆள் சரியான கேபிளோடு வந்தார். அவரிடம் இருந்த மென்பொருள் அந்த மாடலுக்கு உரியது அன்று. மூன்றாவது ஆளிடம் கேபிளும் இருந்தது, மென்பொருளும் இருந்தது. ஆனால் திரும்ப ஏற்றுவதற்குப் புரோகிராமின் பிரதி உலகத்தில் யாரிடமும் இல்லை. முடிவில் புது பி.எல்.சி. வாங்கி, புதிதாகப் புரோகிராம் எழுதி, இயந்திரம் ஓடத் தொடங்கியபோது பொங்கல் வியாபாரம் முடிந்திருந்தது.

இயந்திரம் உயிரோடு இருந்தபோது ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பி.எல்.சி. என்பது என்ன?

நம் ஊரைச் சுற்றி ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு பெல்ட் கொட்டுவதை அடுத்த பெல்ட் வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்ளும் பெல்ட் முதலில் ஓடத் தொடங்க வேண்டும். பிறகுதான் கொட்டும் பெல்ட் ஓட வேண்டும். வாங்கும் பெல்ட் நின்றால், கொட்டும் பெல்ட்டும் உடனே நிற்க வேண்டும். இல்லையென்றால் கரி மலையாகக் குவிந்துவிடும். ‘இது நடந்தால் அது நடக்கட்டும்; இது நின்றால் அதுவும் நிற்கட்டும்’ என்கிற இந்தக் கட்டளைகளை வைத்துக்கொண்டு இயந்திரத்தை நடத்தும் பெட்டிதான் பி.எல்.சி.

நம் பேக்கிங் இயந்திரத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. ஃபிலிமில் உள்ள கறுப்புக் குறியை சென்சார் பார்க்கிறது. உடனே ஃபிலிம் நிற்கிறது. பொடி விழுகிறது. சீல் விழுகிறது. கத்தி வெட்டுகிறது. எது முதலில், எது பின்னால், எத்தனை வினாடி என்பதெல்லாம் பி.எல்.சி.யின் புரோகிராமில் இருக்கிறது.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கியபோது உலகத்தில் எங்குமே பி.எல்.சி. கிடையாது. ரிலேக்களையும் ஒயர்களையும் பின்னித்தான் இந்த வேலையை அக்காலத்தில் செய்தார்கள். கட்டளையை மாற்ற வேண்டுமானால் ஒயரையே கழற்றி மாற்ற வேண்டும். அமெரிக்காவில் கார்த் தொழிற்சாலைகளுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருந்ததால், 1968-69-ல் டிக் மார்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மாடிகான் 084 என்ற பெட்டியைச் செய்தார்கள். ஒயரை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்ற அதில் வழி இருந்தது. அங்கிருந்துதான் பி.எல்.சி. பிறந்தது. நெய்வேலியின் அந்த முதல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பின் பிறந்த பி.எல்.சி.களிலும் பல தலைமுறைகள் ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றில் சில இன்னும் நம் பின்கட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

புரோகிராம் ஏன் அழிகிறது?

பழைய பி.எல்.சி.களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகையில் புரோகிராம் நிலையான நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்.1எஸ், எஃப்.எக்ஸ்.1என், சீமென்ஸ் எஸ்7-200, ஆலன்-பிராட்லி மைக்ரோலாஜிக்ஸ் 1000 ஆகியவை இவ்வகை. மற்றொரு வகையில் புரோகிராம் பேட்டரியின் தயவில் நிற்கிறது. சீமென்ஸ் எஸ்5 வரிசை, ஆலன்-பிராட்லி எஸ்.எல்.சி. 500, மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்.2என் முதலியவை இவ்வகை. இவற்றில் அழியாத மெமரி கேசட்டைத் தனியாகப் பொருத்தும் வசதி உண்டு. நம் இயந்திரத்தில் அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெயின் மின்சாரம் இருக்கும் வரை பேட்டரி தீர்ந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. மின்சாரம் நின்றதும்தான் வினை. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியதை நாம் மறக்க முடியாது. மின் கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஐஸ் பெட்டியில் உள்ள சரக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். பேனலுக்குள் இருக்கும் பேட்டரியைப் பற்றி நினைப்பதில்லை. மின்சாரம் உற்பத்தியாகும் ஊரில் இருக்கிறோம் என்பதற்காகப் புயல் நம்மை விட்டுவிடப் போவதில்லை.

ஆகவே பேனலைத் திறந்து, பி.எல்.சி.யின் முகத்தில் ‘பேட்’ அல்லது ‘பேட்டரி’ என்று குறித்த சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இன்றே பாருங்கள். எரிந்தால் மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். விவரம் தெரிந்தவரை அழைத்து, முதலில் புரோகிராமைப் பிரதி எடுத்துவிட்டு, பிறகு பேட்டரியை மாற்றுங்கள். சில மாடல்களில் மின்சாரம் ஓடும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். சிலவற்றில் மின்சாரத்தை நிறுத்தி, சில வினாடிகளுக்குள் மாற்ற வேண்டும். இந்த வேறுபாட்டைக் கைப்புத்தகத்தில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

முதல் வேலை: பெயர்ப் பட்டியைப் படிப்பது

பிரதி எடுக்க மூன்று பொருள்கள் வேண்டும்: கம்ப்யூட்டர், அந்த பி.எல்.சி.க்கு உரிய மென்பொருள், இரண்டையும் இணைக்கும் கேபிள். இவற்றில் எதை வாங்குவதற்கும் முன்னால் பி.எல்.சி.யின் பக்கவாட்டிலோ முகத்திலோ ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டியைப் படிக்க வேண்டும். ‘சீமென்ஸ் பி.எல்.சி.’ என்று சொன்னால் போதாது. சரக்கு வாங்கும்போது ‘அரிசி வேண்டும்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வோமா? பொன்னியா, ஐ.ஆர்.20-யா, பச்சையா, புழுங்கலா என்று கேட்க மாட்டோமா? அதுபோலத்தான். செல்போனில் பட்டியைப் படம் எடுத்து, எழுத்து விடாமல், எண் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் செருகும் துளையையும் தனியாக ஒரு படம் எடுங்கள்.

மென்பொருள் தேர்வு

பெயர் ஒற்றுமையால் ஏமாறுவது மிகவும் எளிது. சில உதாரணங்கள் தருகிறோம்.

சீமென்ஸ்: எஸ்5 வரிசைக்கு ஸ்டெப் 5 என்ற மென்பொருள், இது டாஸ் காலத்தில் பிறந்தது. எஸ்7-300, எஸ்7-400 ஆகியவற்றுக்கு ஸ்டெப் 7. எஸ்7-200-க்கோ ஸ்டெப் 7 மைக்ரோவின் என்ற தனி மென்பொருள். எஸ்7-200-ன் பெயரிலும் ‘7’ இருக்கிறதே என்று பெரிய ஸ்டெப் 7-ஐ வாங்கினால் பணம் வீண். இன்றைய டி.ஐ.ஏ. போர்ட்டல் மென்பொருளும் எஸ்7-200-ஐத் திறக்காது.

ஆலன்-பிராட்லி: இதில் சுழியத்தின் எண்ணிக்கைதான் சூட்சுமம். பி.எல்.சி.-5 வரிசைக்கு ஆர்.எஸ்.லாஜிக்ஸ் 5. எஸ்.எல்.சி. 500-க்கும் மைக்ரோலாஜிக்ஸுக்கும் ஆர்.எஸ்.லாஜிக்ஸ் 500. கண்ட்ரோல்லாஜிக்ஸுக்கு ஆர்.எஸ்.லாஜிக்ஸ் 5000. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. மைக்ரோலாஜிக்ஸ் 1000, 1100 ஆகிய சிறிய மாடல்களுக்கு மட்டும் உரிய இலவசப் பதிப்பு ஒன்றை அந்நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. நம்மிடம் இருப்பது அந்த மாடலானால் பெரிய மென்பொருளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

மிட்சுபிஷி: எஃப்.எக்ஸ். வரிசைக்கு முன்பு ஜி.எக்ஸ். டெவலப்பர், பின்னர் வந்தது ஜி.எக்ஸ். ஒர்க்ஸ்2. பழைய டெவலப்பரில் சேமித்த கோப்பை ஒர்க்ஸ்2 திறக்கும். ஆனால் அதைவிடப் பழைய ‘ஏ’ வரிசை பி.எல்.சி.க்கு ஒர்க்ஸ்2 உதவாது, டெவலப்பர்தான் வேண்டும். புதிய பதிப்பு எப்போதும் மேல் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆம்ரான்: சி.பி.எம்.1ஏ போன்ற சிறிய மாடல்களுக்கு முன்பு சிஸ்வின்; பிறகு சி.எக்ஸ். புரோகிராமர்.

டெல்டா: டி.வி.பி. வரிசைக்கு டபிள்யூ.பி.எல்.சாஃப்ட், ஐ.எஸ்.பி.சாஃப்ட் இரண்டையும் அந்நிறுவனம் இலவசமாகவே தருகிறது. நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே எடுக்கலாம். இலவசமாகக் கிடைப்பதை ஒருவர் குறுந்தகட்டில் போட்டுக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேபிள் தேர்வு: துளை ஒன்று, மின்சாரம் வேறு

நம் அன்பரிடம் வந்த முதல் ஆள் செய்த தவறு இதுதான். துளையில் பொருந்துகிறது என்பதால் கேபிள் சரியானது என்று ஆகிவிடாது. எண்ணெய் டின்னும் மண்ணெண்ணெய் டின்னும் ஒரே அளவாக இருக்கலாம். உள்ளே இருப்பது ஒன்றாகுமா?

மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்., டெல்டா டி.வி.பி., ஆலன்-பிராட்லி மைக்ரோலாஜிக்ஸ் ஆகிய மூன்றிலும் எட்டு ஊசிகள் கொண்ட சிறிய வட்டத் துளைதான். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எஃப்.எக்ஸ். பேசுவது ஆர்.எஸ்.422 என்ற முறையில். மற்ற இரண்டும் பேசுவது ஆர்.எஸ்.232 முறையில். இந்த இரண்டு முறைகளிலும் மின்னழுத்த அளவும் ஒயர்களின் எண்ணிக்கையும் வேறு. எஃப்.எக்ஸ்-க்கு எஸ்.சி.09 என்ற கேபிள் வேண்டும். அதன் நடுவே ஒரு முறையை மற்றொன்றாக மாற்றும் சிறு சர்க்யூட் இருக்கிறது. மைக்ரோலாஜிக்ஸுக்கு 1761-சி.பி.எல்-பி.எம்.02 என்ற எண்ணுள்ள கேபிள். டெல்டாவுக்கு அதற்கே உரிய கேபிள். ஒன்றை மற்றொன்றில் செருகினால் நல்லவேளையாக இருந்தால் பேசாது. கெட்டவேளையாக இருந்தால் போர்ட் எரிந்துவிடும். வட்டப் பின்னைத் திசை பார்க்காமல் அழுத்தி ஊசியை வளைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

எஸ்7-200-ல் இருப்பது ஒன்பது ஊசித் துளை. பழைய கம்ப்யூட்டரின் சீரியல் துளையும் ஒன்பது ஊசிதான். சாதாரண சீரியல் ஒயரை எடுத்து இரண்டையும் இணைத்துவிடக் கூடாது. எஸ்7-200-ன் அந்தத் துளையில் ஆர்.எஸ்.485 முறை, அதோடு ஒரு ஊசியில் 24 வோல்ட் மின்சாரமும் வருகிறது. இதற்கு பி.சி./பி.பி.ஐ. கேபிள்தான் சரி. யு.எஸ்.பி. மாதிரியும் உண்டு.

எஸ்5-ன் பதினைந்து ஊசித் துளை இன்னும் பழைய முறை. அதில் மின்னழுத்தத்துக்குப் பதிலாக 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தால் செய்தி போகிறது. இதற்கு அந்த மாற்றத்தைச் செய்யும் தனி கேபிள் வேண்டும்.

எஸ்.எல்.சி. 5/01, 5/02, 5/03 ஆகியவற்றில் இன்டர்நெட் ஒயர் செருகுவது போலவே ஒரு துளை இருக்கும். அது இன்டர்நெட் துளை அன்று. அதிலும் 24 வோல்ட் உண்டு. லேப்டாப்பின் நெட்வொர்க் ஒயரை அதில் செருகினால் லேப்டாப் பழுதாகலாம். அதற்கு உரியது 1747-யு.ஐ.சி. என்ற எண்ணுள்ள மாற்றிக் கருவி. 5/03-ல் உள்ள மற்றொரு ஒன்பது ஊசித் துளைக்கு 1747-சி.பி.3 கேபிள் போதும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகல் கேபிள் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் ஏறக்குறைய ஒரு மூட்டை அரிசி விலைக்குக் கிடைக்கும். நிறுவனத்தின் அசல் கேபிள் அதைப் போலப் பல மடங்கு. நகல் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மின் தனிமைப்படுத்தும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த வசதி இருந்தால் பேனலின் எர்த்தும் லேப்டாப்பின் எர்த்தும் கேபிள் வழியாக முட்டிக்கொள்ளாது. அந்த வசதி இல்லாத கேபிளானால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதன் சொந்த பேட்டரியில் ஓட்டி வேலை பாருங்கள். இது செலவில்லாத பாதுகாப்பு.

யு.எஸ்.பி. மாற்றியில் உள்ள சிக்கல்

இன்றைய லேப்டாப்களில் ஒன்பது ஊசி சீரியல் துளை இல்லை. ஆகவே யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சிறு ஒயர் தேவைப்படுகிறது. அதற்குள் இருக்கும் சில்லு போலியாக இருந்தால் தொல்லை. எஃப்.டி.டி.ஐ. என்ற நிறுவனம் 2014-ல் வெளியிட்ட டிரைவர், தன் பெயரில் வந்த போலிச் சில்லுகளைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண முடியாதபடி செய்துவிட்டது. புரொலிஃபிக் சில்லுகளிலும் போலியையும் மிகப் பழையதையும் புதிய டிரைவர் ஏற்பதில்லை. நேற்று வரை வேலை செய்த ஒயர் இன்று விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொன்று: விண்டோஸ் இந்த ஒயருக்கு காம் 7, காம் 12 என்று ஏதாவது ஒரு எண் கொடுக்கும். பழைய மென்பொருள்கள் சில காம் 1 முதல் காம் 4 வரைதான் அறியும். டிவைஸ் மேனேஜரில் போய் எண்ணை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு கேபிள் வாங்கியவர்கள் உண்டு.

டாஸ் மென்பொருள் இன்றைய 64 பிட் விண்டோஸில் ஓடாது. ஆகவே சீரியல் துளை உள்ள பழைய லேப்டாப் ஒன்று கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014-ல் பாதுகாப்பு ஆதரவை நிறுத்திவிட்டது. எனவே அப்படிப்பட்ட லேப்டாப்பை இன்டர்நெட்டோடு இணைக்காமல் இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருட்டு மென்பொருள் வேண்டாம்

‘எல்லா கம்பெனி சாஃப்ட்வேரும் ஒரே பென் டிரைவில்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்குவது இரு வகையில் ஆபத்து. ஒன்று, வைரஸ், பில் போடும் கம்ப்யூட்டருக்கும் அது பரவினால் கணக்கே போய்விடும். மற்றொன்று, சட்டம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது குற்றம். 7 நாட்களுக்குக் குறையாமல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதே சட்டம், முறையாக வாங்கியவர் தம் பாதுகாப்புக்காக மென்பொருளின் காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. பில் கேட்டு வாங்கினால் ஜி.எஸ்.டி. வரவும் கிடைக்கும், மனநிம்மதியும் கிடைக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். ‘உங்கள் ஆபீஸ் லேப்டாப்பை ஒரு மணி நேரம் கொண்டுவாருங்கள் சார்’ என்று பணியில் உள்ள பழக்கக்காரரிடம் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்த மென்பொருளுக்கான உரிமம் அவருடைய நிறுவனத்துக்கு உரியது. நமக்கு உதவப் போய் அவர் வேலைக்கு ஆபத்து வரலாம். ஓய்வு பெற்ற அனுபவசாலிகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை மரியாதையாக அழைத்து, உரிய கூலி கொடுத்து, நம்முடைய சொந்த மென்பொருளைக் கொண்டு வேலை செய்துகொள்வோம்.

பிரதி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. செல்போனில் ‘டவுன்லோடு’ என்றால் நம்மிடம் வருவது. பி.எல்.சி. தொழிலில் அது தலைகீழ். சீமென்ஸ், ஆலன்-பிராட்லி மென்பொருள்களில் ‘டவுன்லோடு’ என்றால் கம்ப்யூட்டரில் இருப்பது இயந்திரத்துக்குப் போய், அங்கே இருப்பதை அழித்துவிடும். இயந்திரத்தில் இருப்பதை எடுக்க ‘அப்லோடு’ என்றுதான் கொடுக்க வேண்டும். மிட்சுபிஷியில் ‘ரீட்’ என்றால் எடுப்பது, ‘ரைட்’ என்றால் எழுதுவது. ஒரு தவறான பொத்தானால் நல்ல இயந்திரம் மலடாகிவிடும். வேலை செய்பவர் அருகிலேயே நின்று, எந்தப் பொத்தான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பழைய பி.எல்.சி. பலவற்றில் குறிப்புரைகள் இயந்திரத்துக்குள் இருக்காது. எழுதியவரின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். நாம் எடுக்கும் பிரதியில் கட்டளை இருக்கும், விளக்கம் இருக்காது. ஆனாலும் இயந்திரத்தை மீட்க அது போதும்.

3. பாஸ்வேர்டு கேட்டால் இயந்திரம் செய்தவரிடமே எழுத்து மூலம் கேளுங்கள். உடைத்துத் தருகிறேன் என்பவரை நம்பினால் புரோகிராமே அழிந்து போகலாம்.

4. தொடுதிரை இருந்தால் அதற்குத் தனிப் புரோகிராம், தனிக் கேபிள். அதையும் பிரதி எடுக்க வேண்டும். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவில் உள்ள எண்களை நோட்டில் எழுதி வையுங்கள்.

5. கிராம் அளவு, சீல் சூடு, வினாடி ஆகிய அமைப்புகளையும் எழுதி வையுங்கள். புரோகிராமைத் திரும்ப ஏற்றிய பிறகு முதல் பாக்கெட்டுகளைத் தராசில் வைத்துப் பாருங்கள். பாக்கெட்டில் அச்சடித்த நிகர எடை குறைந்தால் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான், பி.எல்.சி. அன்று.

6. பிரதியை இரண்டு பென் டிரைவில் போடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். உறையின் மேல் இயந்திரத்தின் பெயர், பி.எல்.சி. மாடல், மென்பொருளின் பெயரும் பதிப்பும், கேபிளின் எண், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.

பழைய இயந்திரம் வாங்கும் முன்

இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள் என்பதோடு திருப்தி அடையக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புரோகிராமின் பிரதி, பாஸ்வேர்டு, கேபிள், கைப்புத்தகம், ஒயரிங் படம் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். ஐந்தும் இருந்தால் கேட்ட விலையைப் பற்றிப் பேசலாம். எதுவும் இல்லையென்றால் புது பி.எல்.சி.யும் புரோகிராம் எழுதும் கூலியும் நம் தலையில்தான் என்று கணக்கிட்டு, அந்த அளவு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சில நேரங்களில் பழையதைத் துரத்துவதைவிட மாற்றிவிடுவதே சிக்கனம். மென்பொருள் கிடைக்கவில்லை, பிரதியும் இல்லை, உதிரி பாகமும் இல்லை என்ற நிலை வந்தால் தயங்க வேண்டாம். சீமென்ஸ் எஸ்7-1200 போன்ற இன்றைய பி.எல்.சி.களுக்கு விசேஷக் கேபிள் தேவையில்லை. சாதாரண நெட்வொர்க் ஒயர் போதும். ஆனால் எழுதுபவரிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: புரோகிராமின் கோப்பும் பாஸ்வேர்டும் நம் கையில் தந்த பிறகே கடைசித் தவணை.

நம் உறுப்பினர்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொருவரும் தனித்தனியாக எல்லாக் கேபிளும் வாங்க வேண்டியதில்லை. யாரிடம் எந்த பி.எல்.சி. என்று ஒரு பட்டியல் தயாரித்தால், நான்கைந்து கேபிளும் பழைய லேப்டாப் ஒன்றும் சங்கத்திலேயே பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இலவச மென்பொருளை அதில் ஏற்றுவதில் தடையில்லை. விலை கொடுத்து வாங்குவதானால் பலர் இயந்திரத்துக்குப் பயன்படுத்த உரிமம் இடம் தருகிறதா என்று படித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

நம் கடைப் பெட்டகத்துக்கு மாற்றுச் சாவி வைத்திருக்கிறோம். கணக்குப் புத்தகத்துக்கு நகல் வைத்திருக்கிறோம். மாதம் முழுவதும் நமக்காக உழைக்கும் இயந்திரத்தின் மூளைக்கு மட்டும் நகல் இல்லாமல் இருக்கலாமா? இந்த வாரக் கடை விடுமுறையன்று பேனலைத் திறந்து, பெயர்ப் பட்டியைப் படம் எடுத்து, பேட்டரி விளக்கைப் பாருங்கள். மற்றவை தானே தொடரும்.